பயிற்சி முகாமில் மிரளும் குதிரை: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

வீட்டில் பசு மாதிரி சாதுவாக நின்ற குதிரை, முகாமுக்கு வந்து இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஆளே மாறிப்போகும். அதன் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பழகிய லாயம் இல்லை, பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் தோழன் இல்லை. முன்பின் தெரியாத இருபது குதிரைகளின் வாசனை, ஒலிபெருக்கியின் இரைச்சல், வேலியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்க்கும் ஆட்கள். ஓடித் தப்பியே உயிர் பிழைத்த இனம் அது. இத்தனை புதுமையும் ஒரே நேரத்தில் வந்தால், முதலில் ஓடத்தான் தோன்றும்.

முதலில் என் குதிரையோடு முகாம்களுக்குப் போனேன். அப்புறம் சில முகாம்களில் உதவியாளாகவும் நின்றேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த அறிகுறிகளையும், அவற்றுக்கு உண்மையிலேயே வேலை செய்த வழிகளையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் குதிரை இப்போது என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அவை இல்லாமல் மற்றவை உதவாது.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

பயம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வலி. சேணப்பட்டை இறுக்கும்போது காதை மடக்கிப் பல்லைக் காட்டும் குதிரையைப் 'படபடப்பான குதிரை' என்று எழுதி வைத்துவிடுகிறோம். அது வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். குதிரையின் இரைப்பை, தீனி உள்ளே போனாலும் போகாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் வண்டியில் வெறும் வயிறாக நிற்பதும், இடம் மாறுவதும் அதற்கு ஆகாது.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும், தோளுக்குப் பின்னால் தொடங்கி இடுப்பு வரை, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நிதானமாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் முதுகு தாழ்ந்தாலோ, தோல் வெடுக்கென்று துடித்தாலோ, தலை உங்கள் பக்கம் திரும்பினாலோ சேணம் அங்கே அழுத்துகிறது என்று சந்தேகப்படுங்கள். பற்கள், கடிவாளம் உட்காரும் வாயோரம், குளம்பு, கண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நேற்று வரை சரியாக இருந்த குணம் திடீரென்று மாறியிருந்தால் பயிற்சியாளரிடம் போவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வலியைப் பயிற்சியால் போக்க முடியாது.

அப்புறம், அந்தக் கோடு

பயத்துக்கு ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை குதிரை யோசிக்கும். பயந்தாலும் உங்களைக் கேட்கும், பார்க்கும், கற்றுக்கொள்ளும். கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு நீங்கள் இருப்பதே தெரியாது. அந்த நிலையில் நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தாலும், 'நான் பயந்தது சரிதான்' என்ற ஒன்றை மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

இந்தப் பக்கம் இருப்பதற்கு அடையாளங்கள்: ஒரு காதாவது அடிக்கடி உங்கள் பக்கம் திரும்பும். கண் சிமிட்டும். கயிற்றை லேசாக அசைத்தால் ஓரடி பின்வாங்கும். தலையைத் தாழ்த்த முடியும். புல்லைக் காட்டினால் வாயில் வாங்கி மெல்லும்.

தாண்டிவிட்டதற்கு: கழுத்து கம்பம் போல விறைத்து நிமிர்ந்திருக்கும். மூக்குத்துவாரம் வட்டமாக விரிந்திருக்கும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். வால் பின்புறத்தோடு ஒட்டியிருக்கும். கயிற்றை இழுத்தாலும் அந்த இழுப்பு அதற்கு உறைக்காது. புல்லைக் கடித்தாலும் மெல்லாமல் வாயிலேயே வைத்திருக்கும்.

கீழே வரும் எல்லா அறிகுறிகளிலும் முதல் வேலை ஒன்றே ஒன்றுதான். குதிரை கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பது. தாண்டியிருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுத் தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது சத்தத்தையும் வேகத்தையும் குறையுங்கள். காது திரும்பி வரும். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பாதுகாப்புக்கு ஒன்று: கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்து மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு இறுகினால் விரலே போகும். தரையில் நிற்கும்போதும் ஹெல்மெட் போடுங்கள்.

அறிகுறி: இறங்கியதும் சுற்றிச் சுற்றி வருகிறது, விடாமல் கனைக்கிறது

பெரும்பாலும் தனிமைதான் காரணம். கூட வந்த குதிரை கண்ணிலிருந்து மறைந்திருக்கும், அல்லது கூட யாரும் வந்திருக்காது. இதை அதட்டி அடக்க முடியாது. இழுத்துப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தினால் இன்னும் பொங்கும். அதற்கு நகர வேண்டும். அந்த நகர்வை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடத்துங்கள். நேராகப் பத்தடி, இடப்பக்கம் ஒரு வளைவு, நில், இரண்டடி பின்னால், வலப்பக்கம் ஒரு வளைவு. திசையை அடிக்கடி மாற்ற வேண்டும், வேகத்தை மட்டும் கூட்டக் கூடாது. வட்டத்தில் விரட்டி விரட்டி ஓடவிட்டு 'சூட்டைத் தணிப்பது' பல முகாம்களில் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பயந்த குதிரையை ஓடவிட்டால் அது ஓட்டத்தைத்தான் பழகுகிறது. மூச்சும் இதயத்துடிப்பும் ஏறிய உடம்பு இன்னும் பதற்றமாகத்தான் இருக்கும். களைத்து நிற்பதைப் பார்த்து அமைதியாகிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

முடிந்தால் முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாளே வந்துவிடுங்கள். வந்ததும் களத்தின் ஓரமாக ஒரு சுற்று, பிறகு வைக்கோல், தண்ணீர், அவ்வளவுதான். முதல் நாளே எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள்.

அறிகுறி: வேர்க்கிறது, லத்தி இளகிப் போகிறது, தீனியைத் தொடவில்லை

பதற்றத்தில் லத்தி இளகுவதும், கழுத்திலும் பக்கங்களிலும் வேர்ப்பதும் சாதாரணம். ஆனால் வயிற்று வலியும் இப்படித்தான் தொடங்கும். பிரித்தறிய எண்கள் உதவும். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். உங்கள் குதிரையின் வழக்கமான எண்ணை வீட்டிலேயே நாலைந்து முறை எடுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பயத்தால் ஏறிய துடிப்பு, அமைதியான மூலையில் கொஞ்ச நேரம் நின்றால் இறங்கிவிடும். இறங்காமல் அப்படியே நின்றால், அல்லது குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், காலால் தரையைப் பறித்தால், படுத்துப் புரண்டால், லத்தியே போடாமல் நின்றால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் குடிக்கவில்லை என்பதையும் லேசாக விடாதீர்கள். ஊர் மாறினால் தண்ணீரின் சுவை மாறும், சில குதிரைகள் வாயே வைக்காது. வீட்டுத் தண்ணீரை இரண்டு கேனில் கொண்டுவந்து கலந்து கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

அறிகுறி: உங்கள் மேல் வந்து மோதுகிறது, காலை மிதிக்கிறது

இதைத் திமிர் என்று நினைத்துப் பலர் அடிக்கிறார்கள். பயந்த குட்டி தாயை ஒட்டிக்கொள்வது போல அது உங்களை ஒட்டுகிறது. ஆனால் நானூறு, ஐந்நூறு கிலோ எடை ஒட்டினால் நமக்குத் தாங்காது. ஆகவே இடைவெளியைக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும், அடியில்லாமல்.

தோளுக்கு நேராக நில்லுங்கள். அது உங்கள் பக்கம் சாய்ந்ததும் கயிற்றின் நுனியை உங்களுக்கும் அதற்கும் நடுவில் சீராக ஆட்டுங்கள். அதன் மேல் படாமல், உங்கள் இடத்தைக் காட்டுவது போல. அது ஓரங்குலம் விலகியதும் சட்டென்று நிறுத்திவிடுங்கள். இந்த நிறுத்துதல்தான் பாடம். குதிரை அழுத்தத்திலிருந்து கற்பதில்லை, அழுத்தம் நீங்கும் நொடியிலிருந்து கற்கிறது. நீங்கள் இரண்டு நொடி தாமதித்தால், அந்த இரண்டு நொடியில் அது வேறு எதைச் செய்ததோ அதற்குத்தான் பரிசு போய்ச் சேரும். ஒரு முகாமில் மூன்று நாள் இருந்து இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு போனாலும் கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டது என்பேன்.

அறிகுறி: ஒரு பொருளைக் கண்டதும் ஆணி அடித்தது போல நிற்கிறது, கிட்டப் போக மறுக்கிறது

முகாமில் அதிகம் பார்ப்பது இதுதான். தார்ப்பாய், குடை, கொடி, கோணி, மரப்பலகைப் பாலம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது குதிரைக்காகவே சொன்ன மாதிரி இருக்கும்.

முதலில் அதன் கண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 டிகிரி சுற்றளவு அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், மூக்குக்கு அடியில் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், இவைதான் தெரியாத இடங்கள். அதாவது தார்ப்பாயின் விளிம்பில் கால் வைக்கும்போது அந்தக் காலடி அதற்குச் சரியாகத் தெரியாது. தலையைத் தாழ்த்தி, திருப்பிப் பார்த்தால்தான் பிடிபடும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்துத் தலையைத் தூக்கி வைத்தால் அதன் கண்ணைக் கட்டியது போலத்தான். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய முடியாது, ஆனால் நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். பச்சைப் புல் மேல் கிடக்கும் நீலத் தார்ப்பாய் அதன் கண்ணுக்கு எப்படித் துருத்திக்கொண்டு தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போது அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். கூரை போட்ட களத்தின் வாசலில் பல குதிரைகள் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் செவலைப் பெட்டைக் குதிரையோடு முதல் முகாமின் இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். களத்தின் நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய். அதன் நான்கு மூலையிலும் மணல் மூட்டை. எங்களுக்கு முன்னால் போன ஆறு குதிரைகளும் மேலே நடந்துவிட்டன. என் குதிரை பத்தடி தள்ளியே நின்றுவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற எண்ணத்தில் நான் இழுத்தேன். அது பின்னால் சாய்ந்தது. நான் இன்னும் இழுத்தேன். இருபது நிமிடம் போனது. உள்ளங்கையில் கயிறு உராய்ந்து தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பயிற்சியாளர் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். முதல் வேலையாகக் குதிரையைத் திருப்பித் தார்ப்பாயை விட்டு விலகி நடந்தார். பதினைந்து அடி போனதும் அதன் மேலுதட்டுக்கு மேலே இருந்த சுருக்கம் நீங்கியது. இன்னும் கொஞ்சம் போனதும் காது இவர் பக்கம் திரும்பியது. அங்கே நின்று, தோளுக்கு மேலே பிடரிமயிர் முடிகிற மேட்டைச் சொறிந்தார். இதற்குள் ஓர் உதவியாளரைக் கூப்பிட்டுத் தார்ப்பாயை ஒரு துண்டு அளவுக்கு மடிக்கச் சொன்னார். பிறகு திரும்பி அதை நோக்கி நான்கு அடி வைத்தார். குதிரை நிற்பதற்கு முன்னால் தானே நின்றார், திரும்பினார், விலகினார். நான் அதுவரை கவனிக்காத விஷயம் இதுதான்: 'போதும்' என்று குதிரை சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதற்கு ஓரடி முன்பே அவரே விட்டுக்கொடுத்தார். அடுத்த முறை ஆறடி. அதற்கு அடுத்து ஐந்தடிதான், வேண்டுமென்றே குறைத்தார்.

ஏழாவதோ எட்டாவதோ முறை, அவர் திரும்பியபோது குதிரை திரும்பவில்லை. கழுத்தை நீட்டி, மூக்கை மண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, மடித்த தார்ப்பாயை நோக்கி ஊதியது. அவர் கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டார். மூக்கு பட்டதும் பிளாஸ்டிக் சரசரத்தது. வெடுக்கென்று பின்வாங்கி, தும்மி, மறுபடி வந்தது. அப்புறம் முன்னங்காலைத் தூக்கித் தார்ப்பாயைப் பறித்தது. அரை மணி நேரத்துக்குள் விரித்த தார்ப்பாய் மேல் நான்கு காலும் இருந்தன. நான் கயிறு இழுத்த இருபது நிமிடமும் வீணாகிவிட்டது என்று அன்றைக்கு அழுகையே வந்தது.

வழிமுறையாகச் சொன்னால் இப்படி: பொருளைச் சிறிதாக்குங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தொடங்குங்கள். நெருங்கி, அது நிற்கும் முன் நீங்களே விலகுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னேற்றம் கேட்காதீர்கள். அது தானாக மூக்கை நீட்டும்போது கயிற்றைத் தளர்த்திவிட்டு எதுவும் செய்யாமல் நில்லுங்கள். பொருளையே அதை விட்டு விலகிப் போக வைப்பதும் நல்ல உத்தி. ஒருவர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்க, நீங்கள் குதிரையோடு பின்தொடருங்கள். தன்னைக் கண்டு ஓடும் பொருளைத் துரத்தத் துணிந்துவிடும்.

மறுபக்கத்திலிருந்தும் பழக்க மறக்காதீர்கள். ஒரு கண் பார்த்தது மறு கண்ணுக்குப் போகாது என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அது சரியல்ல, சோதனைகளில் தகவல் கடந்து போவது தெரிந்திருக்கிறது. ஆனால் அதே பொருள் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறு வடிவமாகத் தெரியும், அதனால் மறுபடி மிரளலாம். திரும்பி வரும்போது மிரண்டால் 'இப்போதுதானே பார்த்தாய்' என்று கோபப்படாமல், பாதி தூரத்திலிருந்து ஒருமுறை மறுபடி தொடங்குங்கள்.

அறிகுறி: எதைச் செய்தாலும் அசையாமல் மரமாக நிற்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வேலியோரம் இருப்பவர்கள் 'என்ன அமைதி!' என்று பாராட்டும் குதிரை இதுதான். எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான்.

ஒரு சாம்பல் நிறக் குதிரையைச் சுற்றிக் கொடி வீசினார்கள், பையைத் தட்டினார்கள், முதுகில் கோணியைப் போட்டார்கள். ஒரு தசைகூட அசையவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். உதடுகள் இறுகி, முகவாய் பிடித்து வைத்த முட்டி மாதிரி கெட்டியாக இருந்தது. கண்ணுக்கு மேலே ஒரு முக்கோணச் சுருக்கம். இமை மூடவே இல்லை. விலாவைப் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது. அரை மணி கழித்து, மேலே உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பொத்தானைப் போட லேசாகத் திரும்பினார். அவ்வளவுதான். வெடித்துக் கிளம்பியது.

தப்பிக்க வழியே இல்லை என்று முடிவு கட்டிய குதிரை இப்படி உள்ளுக்குள் பூட்டிக்கொள்ளும். அமைதியான குதிரை சுற்றிப் பார்க்கும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கும், ஈயை வாலால் விரட்டும். பூட்டிக்கொண்ட குதிரை ஈயைக்கூட விரட்டாது.

என்ன செய்யலாம்? குறைவாகச் செய்யுங்கள். கொடியைக் கீழே வைத்துவிடுங்கள். ஓரடி நகரச் சொல்லிக் கேட்டு, நகர்ந்ததும் விட்டுவிட்டுக் காத்திருங்கள், ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. தலையைத் தாழ்த்தி, நாக்கைச் சுழற்றி, வாயை மென்று, நீளமாக ஒரு மூச்சு விட்டால் பதற்றத்திலிருந்து இறங்கி வருகிறது என்று பொருள். அந்த நேரத்தில் பேசாதீர்கள், தொடாதீர்கள்.

தட்டிக்கொடுக்க நினைத்தால் தட்டாதீர்கள், சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் பிடரிமயிர் முடிகிற அந்த மேடு. பிரான்சில் கமார்க் இனக் குதிரைகளை வைத்துச் செய்து 1993-இல் வெளிவந்த ஆய்வில், அந்த இடத்தை வருடியபோது இதயத்துடிப்பு குறைந்தது. கழுத்தில் பட்பட்டென்று அறைவது நமக்குத்தான் பாராட்டு, அதற்கு வெறும் சத்தம்.

பயிற்சியாளரே 'நிறுத்தாதே, அது அடங்கும்வரை வீசிக்கொண்டே இரு' என்று சொன்னால்? மரியாதையாக, 'என் குதிரைக்கு இது போதும்ங்க, கொஞ்சம் வெளியே நிற்கிறோம்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பணம் கட்டியிருக்கிறோமே என்று பார்க்க வேண்டாம். பயத்தில் மூழ்கடித்து அடக்கும் முறை சில குதிரைகளிடம் பலித்தது போலத் தெரியும். பலிக்காத குதிரையைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். நல்ல பயிற்சியாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறிகுறி: இரண்டாம், மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் எரிச்சல், தடுமாற்றம்

தூக்கம் பாருங்கள். குதிரை நின்றபடியே தூங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். புது இடத்தில் பாதுகாப்பாகத் தோன்றாவிட்டால் பல குதிரைகள் முதல் இரவு படுக்காது. காலையில் உடம்பில், பிடரியில் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் படுத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் அன்றைய பாடத்தைப் பாதியாக்குங்கள். படுக்கைக்கு வைக்கோலை அதிகம் போடுங்கள், கண்ணில் படும் தூரத்தில் இன்னொரு குதிரையைக் கட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஏறப் போனால் நகர்ந்துவிடுகிறது

ஏறுவதற்குப் படியைப் பயன்படுத்துங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுத்து முதுகை உறுத்தும். படியில் ஏறி நில்லுங்கள், ஆனால் ஏறாதீர்கள். சேணத்தின் மேல் கையை வையுங்கள், எடுங்கள். சாய்ந்து எடையைக் கொடுங்கள், எடுங்கள். அசையாமல் நின்றால் இறங்கி அதைப் படியை விட்டு விலக்கி நடத்துங்கள். நகர்ந்தால் கத்தாமல் மறுபடி படியருகே கொண்டுவாருங்கள். ஏறியதும் உடனே கிளப்பும் பழக்கம்தான் பல குதிரைகளை நகரப் பழக்குகிறது. ஏறி உட்கார்ந்து இருபது வரை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறி: மேலே இருக்கும்போது திடீரென்று பக்கவாட்டில் பாய்கிறது, ஓடத் தொடங்குகிறது

பாயும் நொடியில் நம் உடம்பு தானாகவே முன்னால் குனியும், முழங்கால் இறுகும், இரண்டு கையும் லகானை இழுக்கும். மூன்றும் குதிரைக்கு 'ஓடு, ஆபத்து' என்ற செய்தி. மாற்றுப் பழக்கத்தை முன்கூட்டியே உடம்பில் ஏற்றி வைக்க வேண்டும்.

முதலில் நிற்கும் குதிரையில் தொடங்குங்கள். ஒரு பக்க லகானை மட்டும் மெதுவாக உங்கள் தொடைப்பக்கம் கொண்டுவாருங்கள். கழுத்து வளைந்து, மூக்கு உங்கள் காலை நோக்கி வந்ததும் விடுங்கள். இரண்டு பக்கமும். அப்புறம் நடையில். வளைந்ததும் பின்னங்கால் குறுக்கே போய், நின்றுவிடும். விட்டுவிடுங்கள். இது நூறு முறை பழகினால்தான் அவசரத்தில் கை வரும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: முழு வேகத்தில் ஓடும் குதிரையின் தலையை ஒரே வெட்டில் மடக்கக் கூடாது, கால் பின்னி இரண்டு பேரும் விழுவீர்கள். அப்போது பெரிய வட்டத்துக்குள் கொண்டுவந்து, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள்.

மிரண்ட பிறகு அதே பொருளிடம் முகத்தை நேராகத் திருப்பிப் பிடித்து 'பார், பார்' என்று வற்புறுத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் தள்ளி, தோள் மட்டும் அந்தப் பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். உள்ளே நடுக்கமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். இறங்கினால் குதிரை ஜெயித்துவிடும் என்பார்கள். குதிரை வெற்றி தோல்விக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இறங்கித் தரையில் ஒரு சின்னப் பாடத்தைச் செய்து முடித்தால் போதும்.

அறிகுறி: குதிரை சரிதான், கை நடுங்குவது உங்களுக்கு

இதை வெட்கத்தோடு தனியாக வந்து சொல்பவர்கள் நிறையப் பேர். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் குதிரையிடம் மறைக்க முடியாது.

சுவீடனில் செய்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்களைக் குதிரையோடு ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறை போகும் முன், இந்தத் தடவை பக்கத்தில் ஒரு குடையை விரிப்போம் என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆட்களின் இதயத்துடிப்பு ஏறியது, குதிரைகளின் துடிப்பும் ஏறியது. இல்லாத குடை! நூறாண்டுக்கு முன்பு பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டித் தட்டிக் கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து, கேள்வி கேட்டவர் தன்னை அறியாமல் தலையை மயிரிழை அசைப்பதைப் பார்த்தே அது குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். அவ்வளவு நுட்பமாகப் படிக்கும் பிராணி உங்கள் அடக்கிய மூச்சைப் படிக்காதா?

பயப்படாதே என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வது உதவாது. உடம்புக்கு வேலை கொடுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். காலடியை வாய்விட்டு எண்ணுங்கள். தெரிந்த பாட்டை முனகுங்கள், முனகிக்கொண்டே மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. அப்படியும் அடங்காவிட்டால் கயிற்றைத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு கோடு உண்டு.

அறிகுறி: முகாமில் எல்லாம் செய்தது, வீட்டுக்கு வந்ததும் பழையபடி

குதிரை பாடத்தை இடத்தோடு சேர்த்தே கற்கிறது. முகாம் களத்துத் தார்ப்பாய் வேறு, உங்கள் லாயத்துப் பின்புறத் தார்ப்பாய் வேறு. ஏமாற்றத்தில் விட்டுவிடாதீர்கள். வந்ததும் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு மடித்த தார்ப்பாயிலிருந்தே தொடங்குங்கள். முகாமில் அரை மணி எடுத்தது இங்கே பத்து நிமிடத்தில் வரலாம், வராமலும் போகலாம். பிறகு இடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், பிடிப்பவரை மாற்றுங்கள். ஒரு நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், நன்றாகப் போகும்போதே நிறுத்த வேண்டும். ஒரு நோட்டில் எந்தத் தூரத்தில் காது திரும்பியது என்று மட்டும் எழுதி வையுங்கள்.

என் செவலை வீட்டுக்கு வந்த முதல் நாள் அதே நீலத் தார்ப்பாயைக் கண்டு இருபது அடி தள்ளி நின்றது. நான் இந்த முறை இழுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், மழைக்கு முன் அதை மடித்து உள்ளே வைக்கலாம் என்று போனேன். அது எனக்கு முன்னால் போய்த் தார்ப்பாய் நடுவில் நின்றுகொண்டு, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டுத் தூங்க ஆரம்பித்துவிட்டது. தூறல் விழும்வரை காத்திருந்து அப்புறம்தான் மடித்தேன்.